கல்லிலே தெளிப்பது கிணற்றிலே சேரும்

ஐப்பசி மாதத்து ஒரு முற்பகல், வழக்கொன்றின் நிமித்தம் வலிகாமத்திலுள்ள பொதுக் கட்டடமொன்றுக்குச் சென்றிருந்தோம். அஃது எக்கட்டடம் என்பது இங்கு வேண்டுவதில்லை. அதனைப் போன்றவை வடக்கிலே பலவுள. 2009 ஆம் ஆண்டின் பின்னர் அமைக்கப்பட்ட முன்றில். ஒன்றோடொன்று கோத்த சீமெந்துக் கற்கள். கற்களின் சந்துகளில் அறுகும் கோரையும். வானம் கறுத்திருந்தது. முதியவர் ஒருவர், வெறுங்காலுடன், வாயையும் மூக்கையும் ஒரு துண்டினாலேனும் மறையாது, முதுகிலே தெளிகருவியைச் சுமந்து கல்வரிசை முழுவதையும் நனைத்துக்கொண்டு வந்தார். புல் முளைத்த இடம், முளையாத இடம் என்ற பேதமே அங்கு இருக்கவில்லை. என்ன மருந்து என வினவினோம்.

"எனக்குத் தெரியாது ஐயா. கலந்து தந்தவை. மழைக்கு முதல் அடிச்சு முடிக்கச் சொன்னவை" என்றார்.

அன்று மாலையே மழை பெய்தது. அம் முன்றிலின் சரிவு வடிகாலை நோக்கியது. வடிகால், மதிலோரத்தே வெட்டப்பட்ட கிடங்கொன்றில் முடிகின்றது. அக் கிடங்கிலிருந்து நாற்பது யார் தூரத்தில் ஒரு கிணறு. அங்கு கடமை புரிவோர் தேநீர் வைப்பது அக் கிணற்று நீரிலேயே.

முதியவரை நாம் குறை கூறோம். அவருக்கு இடப்பட்ட கட்டளையே பிழையானது. "மழைக்கு முதல்" என்ற இரு சொற்களைக் காட்டிலும் தவறான கட்டளையை இவ்விடயத்தில் ஒருவர் தேடிப் பிடித்தல் அரிது.

களைநாசினியின் தன்மையைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுதுகோலும் கோப்புமாக வாழும் எம்போன்றோர் அறியாத வேறுபாடு ஒன்று உளது. வயலிலோ தோட்டத்திலோ மருந்து அடிக்கும்போது, இலை உறிஞ்சியது போக எஞ்சியது மண்ணில் விழுகின்றது. இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் கிளைபோசேட் என்னும் மருந்தை இரும்பும் அலுமினியமும் செறிந்த மண் இறுகப் பற்றிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். வலிகாமத்துச் செம்மண் அவ்வகை மண்ணே. கல்லிலும் சீமெந்திலும் தாரிலும் அம் மண் ஏது? இலையில் படாத துளி கல்லின்மேல் உலர்ந்து, அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கின்றது. மழை வந்ததும் செம்மண்ணைத் தொடாமலே வடிகால் வழியே ஓடிவிடுகின்றது. ஆகவே ஒரு பரப்புத் தோட்டத்தில் தெளிப்பதும் ஒரு பரப்புக் கற்றளத்தில் தெளிப்பதும் ஒன்றல்ல. போத்தல் ஒன்று, விலை ஒன்று, விளைவு வேறு.

ஓடும் நீர் எங்கே போகின்றது? வேறு நாட்டில் ஆற்றுக்குப் போகும். எமக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு என நாம் பெருமையோடு அழைப்பதும் மாரியில் மட்டும் ஓடும் நீர்வழியே. குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். கீரிமலையில் ஊற்றாக வெளிப்படுவதும், நிலாவரையில் ஆழங்காண இயலாதென மூத்தோர் கதைசொல்லும் நீரும் அக்கல்லின் உட்புறத்தைத்தான் எமக்குக் காட்டுகின்றன. மேலே மண் தடித்த இடத்தில் நீர் வடிகட்டப்பட்டு இறங்கும். மண் மெலிந்த இடத்தில், அல்லது நாமே கிடங்கு வெட்டி வழிகாட்டிய இடத்தில், வடிகட்டுவாரின்றி இறங்கும். அங்கே ஒருவர் கிணற்று நீர், மற்றவர் கிணற்று நீர் என்ற வேலி கிடையாது. நிலத்துக்கு உறுதி எழுதலாம். நீருக்கு எழுத இயலாது.

இஃது ஊகமன்று. சுன்னாகத்து மக்கள் பட்ட பாட்டை இன்னும் எவரும் மறந்திருக்க நியாயமில்லை. அனல்மின் நிலைய வளவின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளில் மிதந்தது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தாய்மார் தாங்கி வண்டிகளின் பின்னால் வாளியுடன் வரிசையில் நின்றனர். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே செலவை ஏற்றல் வேண்டும் என்ற நெறியின்படி, இரண்டு கோடி ரூபா நட்டஈட்டுக்குக் கட்டளையிட்டது. சிறந்த தீர்ப்பு. சட்டத்தரணிகளாகிய நாம் அதனைப் போற்றுகின்றோம். ஆனால் அத்தீர்ப்பு எண்ணெயைக் கிணற்றிலிருந்து எடுத்துவிடவில்லை. எண்ணெயாவது நீரின்மேல் மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது, நாற்றம் வீசிற்று. களைநாசினிக்கோ நிறமில்லை, மணமில்லை. எந்த வழக்காளி எந்தச் சான்றுடன் எந்த மன்றுக்கு வருவார்?

இங்கு ஒரு தடையைத் தாமே எழுப்புவோர் உளர். "கிளைபோசேட் தீங்கானதென்று எவர் நிரூபித்தார்?" என்பர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 மார்ச்சில், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருத்தல் சாலும் என அதனை வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023 நவம்பரில் அதே மருந்துக்கு மேலும் பத்தாண்டு அனுமதி வழங்கியது. இரு பக்கத்திலும் அறிஞர் உளர். அவ்வழக்கை நாம் இப்பத்திரிகையின் பத்தியில் தீர்க்கப் போவதில்லை. தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை. எமது வாதம் மருந்தின் குணத்தைப் பற்றியதன்று. அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. தோட்டத்துக்கு நன்மை செய்யும் உரமும் குடத்து நீரில் கலந்தால் எவரும் அருந்தார். கிளைபோசேட்டுக்கு அனுமதி அளித்த அதே ஐரோப்பாவில், குடிநீரின் ஒரு லீற்றரில் எந்த ஒரு பீடைநாசினியும் ஒரு மைக்கிரோகிராமின் பத்திலொன்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. முதியவர் முதுகில் இருந்த கருவியில் எத்தனை கிராம் இருந்தது என்பதை அவரும் அறியார், கலந்து கொடுத்தவரும் அறிந்திரார்.

ஒல்லாந்தரின் அனுபவத்தை இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். அவர்கள் விட்டுச்சென்ற சட்டத்தை இன்றும் எம் நீதிமன்றங்களில் எடுத்தோதுகின்றோம்; அவர்களின் வீதிக் கற்களையும் ஒருமுறை நோக்குவதில் குற்றமில்லை. செங்கல்லாலும் சீமெந்துக் கல்லாலும் தளமிட்ட ஊர்கள் அவை, சந்துதோறும் புல். நாட்டில் செலவாகும் களைநாசினியில் சிறு பங்கையே நகரங்கள் பயன்படுத்தின. ஆயினும் குடிநீர் எடுக்கும் ஆற்றில் கண்ட கிளைபோசேட்டுக்கு அச்சிறு பங்கு பெருங் காரணமாயிற்று. கமக்காரனை நோக்கி விரல் நீட்டியிருந்த நகரவாசி, விரலைத் தன் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. வாகனிங்கன் என்னும் ஊரின் ஆராய்ச்சியாளர்கள் 2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் நகரசபைகளுடன் கூடி முறையொன்றை வகுத்தனர். அதில் வியக்கத்தக்க இயந்திரம் எதுவும் முதன்மையாக இல்லை. புல் உள்ள இடத்தில் மட்டும் மருந்து. வடிகாலின் வாயருகே மருந்தே இல்லை. அடுத்த ஒரு நாளுக்குள் மழை வரும் என வானிலை அறிக்கை கூறுமாயின் அன்று வேலை இல்லை. யாவற்றுக்கும் முன்னதாகத் தளத்தைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருத்தல். இவ்வளவே. ஆற்றுக்குப் போன மருந்து குறைந்தது. பின்னர், 2016 மார்ச் இறுதியிலிருந்து கற்றளங்களில் தொழில்முறையாகக் களைநாசினி தெளித்தல் முற்றாகவே தடைசெய்யப்பட்டது. பிரான்சிலும் 2017 தை முதலாந் திகதியிலிருந்து பொதுப் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் அரச, நகரசபை நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்தல் விலக்கப்பட்டுள்ளது.

ஒல்லாந்தரின் கதையில் சட்டம் பயின்றோருக்குச் சுவையான பின்னுரை ஒன்றும் உண்டு. 2020 நவம்பரில் ஹேக் நகரத்து மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தடை கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. தடையின் நோக்கம் பிழை என்பதனாலன்று. மூலச் சட்டம் அளிக்காத அதிகாரத்தைக் கொண்டு துணைவிதியொன்றினால் அத்தனை விரிந்த தடையைப் பிறப்பித்தமையால். நல்ல எண்ணம் உடையவரும் தம் அதிகாரத்தின் எல்லையை அளந்து பார்த்தே அடியெடுத்து வைத்தல் வேண்டும்.

கொழும்பு அளந்து பார்த்ததா? 2015 இல் கிளைபோசேட்டின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் தளரவில்லை. தோட்டத்துரைமாரின் குரல் கேட்கும் செவிக்குத் தோட்டக்காரனின் குரல் கேட்பதில்லை போலும். 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியினால் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் யாவும் நிறுத்தப்பட்டன. நவம்பரில் அக் கட்டளை மீளப்பெறப்பட்டபோது ஒரு போகம் அழிந்திருந்தது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேட்டும் மீண்டது. ஒரு நாள் இரவிலே விதித்து இன்னொரு நாள் இரவிலே நீக்கும் ஆட்சியில், கமக்காரர் கற்றுக்கொண்டது ஒன்றே: தடை என்ற சொல்லைக் கேட்டால் சாமானை வாங்கிப் பதுக்குக! அவர்மேல் பிழை கூறோம்.

இத்தனை ஆண்டுகளிலும் தடையின் பாரம் முழுவதும் மண்ணில் பாடுபடுவோன் தலையிலேயே விழுந்தது. கல்லில் தெளிப்போரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருப்பின், எவர் வயிற்றிலும் அடியாமல் குறைக்கத்தக்க மருந்து இதுவே என்பது தெரிந்திருக்கும். முன்றிற் புல்லினால் விளைச்சல் குன்றுவதில்லை. கண்ணுக்குச் சற்று அழகு குன்றும். கல் சற்றுக் கிளம்பும். ஈரப் புல்லில் ஒருவர் வழுக்கலாம். அவ்வளவே நட்டம்.

ஆகவே செய்யத்தக்கது யாது என்பதைக் கூறுவோம். புல் ஏன் கல்லில் முளைக்கின்றது? கல்லில் முளைப்பதில்லை, கற்சந்தில் தங்கிய மண்ணில் முளைக்கின்றது. காற்றும் செருப்பும் கொண்டுவந்த தூசி, வேப்பஞ் சருகு, உக்கிய பூ, அவையே பாத்தி. ஈர்க்கு விளக்குமாற்றால் கிழமைதோறும் சந்தோடு சந்தாகக் கூட்டிய முன்றிலில் விதை விழுந்தாலும் வேரூன்ற இடமில்லை. கால் நடமாட்டம் உள்ள நடுவழியில் புல் இருப்பதில்லை என்பதையும், ஆள் போகாத மதிலோரத்திலேயே அடர்வதையும் யாவரும் கண்டிருக்கின்றோம். அத்தகைய ஓரங்களில் கல் பதிப்பதே வீண் செலவு. அங்கே மண்ணை விட்டு வைத்தால் மழைநீரும் இறங்கும். ஒரு பூஞ்செடியும் நிற்கும். ஒப்பந்தகாரர் மதில் முதல் மதில் வரை கல் பதிப்பது அழகின்பொருட்டன்று. சதுர அடிக்கணக்கில் அவருக்குப் பணம் என்பதனாலேயே.

எம் மண்ணின் பருவமும் எமக்குத் துணை செய்கின்றது. பங்குனி முதல் ஆவணி வரை வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். புரட்டாசி, ஐப்பசி மழையின் பின் பத்துப் பதினைந்து நாளில் முளைப்பனவற்றை இளமையிலேயே செருக்கிவிடல் வேண்டும். பிறகு மார்கழி, தை மாதத்தில், விதை உதிர முன் இன்னொரு முறை. முளையாக இருக்கும்போது ஒருவர் ஒரு காலையில் முடிக்கும் வேலை, விதைத்த பின் மூவருக்கு மூன்று நாளாகும். இதற்கான கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டுமா? திருநாவுக்கரசு நாயனார் கையில் ஏந்திய உழவாரம் எதற்கு? கோயில் வீதியிற் புல் செருக்குவதற்கே அல்லவா! அதன் அகன்ற வாய் கற்சந்தில் நுழையாது என்பது உண்மை; ஒடுங்கி வளைந்த முனையுடைய கத்தியொன்றை நம்மூர்க் கொல்லர் ஒரு பொழுதில் அடித்துத் தருவார். நீண்ட பிடியிட்டால் முதுகு வளையவும் வேண்டியதில்லை. நெல் அவிக்கும் வீட்டார் கொதிநீரை முற்றத்துக் கற்சந்தில் ஊற்றிப் பார்க்கட்டும். இளம் பூண்டு அன்றே வாடும். மேனாட்டார் இதனையே இயந்திரம் கொண்டு செய்கின்றனர். எரிவாயுச் சுவாலையாலும் கம்பித் தூரிகையாலும் செய்கின்றனர். சுவாலைக்கு எரிபொருட் செலவு. தூரிகை கல்லையே தேய்க்கும். எம் சபைகளின் நிதிநிலைக்கு அவற்றை நாம் பரிந்துரையோம். உப்பைக் கொட்டும் வழக்கமும் சிலரிடம் உண்டு. ஏற்கெனவே உவர் ஏறும் கிணறுகளை வைத்துக்கொண்டு அதனைச் செய்வோரை என்னென்பது!

கோரையைப் பற்றி நேர்மையாகப் பேசல் வேண்டும். நிலத்தினுள் கிழங்கு வைத்திருக்கும் அப்பூண்டும், வேரோடும் அறுகும் செருக்கினால் சாவதில்லை. மீண்டும் மீண்டும் தழைக்கும். கல்லைப் பெயர்த்துக் கிழங்கைத் தோண்டுவதும் எங்கும் இயலாது. இத்தகைய இடத்தில் மருந்தை முற்றாக விலக்குக என்று நாம் பிடிவாதம் பிடியோம். ஆனால் தெளிக்க வேண்டாம், தடவுக. மருந்தில் தோய்த்துப் பிழிந்த துணியைத் தடியின் நுனியில் கட்டி, கையுறையுடன், அப்பூண்டின் இலையை மட்டும் துடைத்துவிடுக. வெயில் நாளில், வடிகாலுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பார்த்த பின். ஒரு முன்றிலை நனைக்கக் கருவி நிறைய வேண்டிய இடத்தில் ஒரு சிரட்டை அளவு போதும். இலை குடிக்கும், கல் குடிக்காது.

எல்லா இடத்துக்கும் ஒரே துப்புரவு வேண்டும் என்பதும் மூடக் கொள்கை. வைத்தியசாலையின் வாயிலிலும், முதியோர் நடக்கும் படியிலும் புல் ஆகாது. பின்வளவில் வண்டி நிறுத்தும் இடத்தில் நான்கு விரற்கடை அறுகு நின்றால் நாடு கவிழ்ந்துவிடாது. எவ்விடத்துக்கு எத்தர நிலை என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் வேலையாளுக்கும் தெளிவு, செலவும் குறையும்.

இங்கே ஒப்பந்தங்களின் வாசகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாதல் வேண்டும். அது எம் தொழில். "ஆண்டுக்கு நான்கு தடவை களைநாசினி தெளிக்கப்படும்" என்று எழுதிய ஒப்பந்தம், புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு தடவை தெளிக்கச் சொல்கின்றது. தெளியாதவருக்குப் பணமில்லை! "இவ்விடத்தில் எந்நாளிலும் புல் இவ்வளவுக்கு மேல் வளர்ந்திருத்தலாகாது" என எழுதுக. அப்போது ஒப்பந்தகாரரே விளக்குமாற்றின் அருமையை உணர்வார்.

சரி, இதற்கு எவர் அதிகாரம் வேண்டும்? 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவு, இறக்குமதி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை மத்தியின் கையில் வைத்திருக்கின்றது. அதில் நாம் கைவைக்க இயலாது. தனியார் வளவுகளைக் கட்டுப்படுத்த ஸ்தல ஸ்தாபனம் உபவிதி இயற்ற வேண்டுமாயின், அது அங்கீகாரமும் வர்த்தமானியும் தேடி மேலே போக வேண்டும்; 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்த கதையை அறிந்தோர், அந்தக் கோப்பு எங்கே உறங்கும் என்பதையும் அறிவர். ஆனால் தன் வேலையாள், தன் பணத்தில், தன் வீதியிலும் தன் சந்தையிலும் தன் கட்டடத்திலும் எவ்வாறு புல் பிடுங்குவார் என்பதைத் தீர்மானிக்க ஒரு சபைக்கு எவர் அனுமதி வேண்டும்? ஒரு தீர்மானம், ஒரு வாக்கெடுப்பு, செயலாளருக்கு ஒரு பணிப்பு. அதிகாரம் பகிரப்படல் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்குவோம், அது எம் உரிமை. கையில் ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தைத் தூசி படிய விட்டுவிட்டு முழங்குவதுதான் எமக்குச் சற்று வெட்கமாக இருக்கின்றது. 2025 மே 6 ஆந் திகதி நடைபெற்ற தேர்தலில் வந்த உறுப்பினர்களிடம் வீதி விளக்கு உண்டா, குப்பை வண்டி வருமா என்று கேட்கின்றோம். வீதியில் என்ன தெளிக்கின்றீர்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

கூலி கூடும் என்பர். கூடும், மறுக்கவில்லை. போத்தலின் விலையையும் ஆட்கூலியையும் மட்டும் எதிரெதிரே வைத்தால் போத்தலே மலிவு. கிணற்றை அக் கணக்கின் எந்த நிரலில் போடுவது என்பதை எமக்குக் காட்டட்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது, இனிக் கிணற்றைப் பற்றிக் கவலை எதற்கு என நண்பரொருவர், அவரும் படித்தவர், எம்மிடம் கேட்டார். அந்நிலையத்து நீரையா கோண்டாவிலிலும் புன்னாலைக்கட்டுவனிலும் வெங்காயத்துக்கு இறைக்கப் போகின்றார்கள்? கடல்நீரை நன்னீராக்கிக் குடிப்பவனுக்கும் கறிக்கு மரக்கறி கிணற்று நீரில்தான் விளைகின்றது.

எமது வரைவுத் தீர்மானம் ஆயத்தமாகிவிட்டது. தட்டெழுத்தில் ஒன்றரைப் பக்கம். சபைக்குச் சொந்தமான கற்றளங்களில் பரவலாகத் தெளித்தல் நிறுத்தப்படும். தடவுதல் மட்டும், அதுவும் எழுத்திலான அனுமதியுடன். கிணறு, குளம், வடிகால் ஆகியவற்றின் அருகே அதுவும் இல்லை. மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகியன பதியப்பட்டு எவரும் பார்க்கத்தக்கதாகச் சபை அலுவலகத்தில் வைக்கப்படும். வேலையாளுக்குக் காலணியும் கையுறையும் சபையின் செலவு. பெயர் அறியாத மருந்தை அடிக்குமாறு எந்த வேலையாளும் பணிக்கப்படலாகார். இவ்வரைவை வலிகாமத்துச் சபைகளின் உறுப்பினர் சிலரிடம், கட்சி பேதம் பாராது, கையளித்துள்ளோம். இருவர் வாசித்துவிட்டுத் திருத்தங்கள் தந்தனர். ஒருவர், முன்மொழிய ஆயத்தம், ஆனால் வழிமொழிய ஆள் வேண்டும் என்றார். புரட்டாசி மாதக் கூட்டத்துக்கு முன் அவ்வொரு கை உயர்ந்தாக வேண்டும். பிந்தினால் மழை முந்திவிடும்.